வார்ஃபேஸ்: ஆல்பம் ஆல்பமாகக் கேட்க உட்காருபவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

வார்ஃபேஸ் டாக்காவில் 1984ல் தொடங்கிய பேண்ட். வங்கதேச ஹெவி மெட்டலைப் (கிடார் உறுமும் கனமான ராக் இசை) பற்றிப் பேச ஆரம்பித்தால் யார் பேசினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்தப் பெயர் வந்துவிடும். நான் பார்ப்பவர்களுக்கெல்லாம் இவர்கள் பாட்டை அனுப்பி வைப்பேன், உடனே அதே நாலைந்து கேள்விகள் திரும்பி வரும், அதற்குப் பதில் தட்டித் தட்டிச் சலித்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர்கள் பாடுவது வங்காளி மொழியில், எனக்குத் தெரிந்தது பாட்டு கேட்டே பிடித்த அரைகுறை வங்காளி.

வங்கதேசத்தில் மெட்டலா? அங்கே தாகூரின் ரவீந்திர சங்கீதமும் நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டும்தானே?

இரண்டும் இருக்கிறது, கூடவே "பேண்ட் பாட்டு" என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அங்கே ராக், பாப், மெட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். 1971 விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்கிய ஆஸம் கான், போர் முடிந்த கையோடு மைக்கைத் தூக்கியதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பெரியவர்கள் இதை "அபசங்ஸ்கிருதி" என்று திட்டினார்கள், அதாவது கெட்டுப்போன பண்பாடு. திட்டத் திட்ட வளர்ந்தது.

80களில் அங்கே டிவி என்றால் அரசு சேனல் ஒன்றுதான். வெளிநாட்டு ராக் கேட்க வேண்டுமென்றால் டாக்கா எலிஃபண்ட் ரோட்டில் ரெயின்போ என்று ஒரு கடை. உங்களுக்கு வேண்டிய எல்பி தட்டிலிருந்து காலி கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஒரு தலைமுறைக்கே அயர்ன் மெய்டனும் டீப் பர்ப்பிளும் அந்த மாதிரிக் கடைகள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வார்ஃபேஸ் பையன்களும் அந்தத் தலைமுறைதான்.

இவர்கள்தான் முதல் மெட்டல் பேண்டா?

"முதல்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அதே காலத்தில் ராக்ஸ்ட்ராட்டா இருந்தது, ஏசஸ் இருந்தது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே மேடைகளில் நின்றவர்கள். ஆனால் ராக்ஸ்ட்ராட்டா 1992ல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு ரொம்ப காலம் காணாமல் போனது. வார்ஃபேஸ் 2003 வரை நிற்காமல் அடுத்தடுத்து ஆல்பம் போட்டது. முன்னோடி என்ற பட்டத்தில் பாதி, விடாமல் நின்றதற்காகக் கிடைப்பது.

1984ல் தொடங்கி 1991ல்தான் முதல் ஆல்பம். ஏழு வருடம் என்ன செய்தார்கள்?

ஆங்கிலப் பாட்டு வாசித்தார்கள், கூடவே ஆள் மாற்றினார்கள். தொடங்கியவர்களில் கடைசியில் தங்கியது இப்ராஹிம் அகமது கமல் மட்டும்தான். முதலில் பேஸ் (அடிச்சுரக் கிடார்) வாசித்தவர் பிறகு லீட் கிடாருக்கு மாறினார். ஆல்பம் வரும் நேரத்துக்கு, டிப்பு என்று எல்லோரும் அழைக்கும் ஷேக் மோனிருல் ஆலம் ட்ரம்ஸ், பாப்னா கரீம் பேஸ், ரஸல் அலி கீபோர்ட், சஞ்சய் பாட்டு என்று அணி ஒருவழியாக நிலைத்திருந்தது.

காலமும் முக்கியம். ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த எர்ஷாத்தின் ஆட்சி 1990 டிசம்பரில் விழுந்தது. வீதியில் இறங்கிய மாணவர்கள் வீடு திரும்பிய சமயம் அது, டாக்கா முழுக்கக் கச்சேரிகள். 1991 ஜூனில் சர்கம் நிறுவனம் இவர்கள் கேசட்டை வெளியிட்டபோது அதை வாங்கத் தயாராக ஒரு கூட்டமே இருந்தது. ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அந்த முதல் ஆல்பம் இப்போது கேட்டால் தாங்குமா?

ஒலிப்பதிவு தாங்காது, பாட்டு தாங்கும். அந்தக் கால டாக்கா ஸ்டுடியோவுக்கு டிஸ்டார்ஷன் கிடார் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்து உறும வைப்பது) அன்றாடச் சரக்கு இல்லை. அதனால் கிடார் கொஞ்சம் மெலிந்தும் கீபோர்ட் கொஞ்சம் தூக்கலாகவும் கேட்கும். இன்றைய மெட்டல் கேட்டுப் பழகிய காதுக்கு "இது ஹார்ட் ராக் தானே?" என்று தோன்றும், தோன்றட்டும்.

என்னை உட்கார வைத்தது அந்தக் கேசட்டின் பாட்டுத் தலைப்புகள். "ஏக்டி செலே" என்றால் ஒரு பையன். "போஷே ஆச்சி", உட்கார்ந்திருக்கிறேன். "நிர்பாஷன்", நாடு கடத்தல். "பிச்சின்னோ ஆபேக்", அறுந்துபோன உணர்ச்சி. மெட்டல் என்றாலே சாத்தான், போர், மண்டையோடு என்று நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு இங்கே ஒரு பையன் மழை ஓய்ந்த சாயங்கால வெயிலில் தனியாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "போஷே ஆச்சி" பாட்டில் நடப்பது அவ்வளவுதான். பேண்ட் பெயரில் போர் இருக்கிறது, பாட்டில் ஒரு தனியாள் இருக்கிறான். இந்த ஆளை மறக்காதீர்கள், அடுத்த இருபது வருடமும் இவன்தான் வரப்போகிறான்.

"ஒபாக் பாலோபாஷா" பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1994ல் வந்த இரண்டாவது ஆல்பம், அதன் தலைப்புப் பாட்டு. இதைத் தமிழில் "அற்புதக் காதல்" என்று எழுதுகிறார்கள், எனக்கு அது பொருந்தியதாகத் தெரியவில்லை. ஒபாக் என்பது அ-வாக், வாக்கு இல்லாதது. வாயடைத்துப்போன காதல் என்றால் கிட்டத்தில் வரும்.

எழுதியவரும் பாடியவரும் பாப்னா. அதாவது முதன்மைப் பாடகர் சஞ்சய் ஒதுங்கி நிற்க, பேஸ் வாசிப்பவர் முன்னால் வந்து பாடிய பாட்டுதான் பேண்டின் அடையாளப் பாட்டாகிவிட்டது. சஞ்சய்யின் குரல் மேலே ஏறிக் கத்தக்கூடிய அசல் மெட்டல் குரல். பாப்னா குரல் அப்படியில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும். பாட்டு கேட்பதும் அதுதான்: எல்லா விளக்கும் அணையட்டும், தூரத்து நட்சத்திரம் மட்டும் விழித்திருக்கட்டும், எல்லாச் சத்தமும் நிற்கட்டும், இந்தக் கடல் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். காதலி என்று ஒருத்தி இருக்கிறாளா என்று தேடினால் பாட்டு முழுக்கக் கடல்தான் அகப்படுகிறது.

கட்டமைப்பைக் கவனியுங்கள். குரல் உடனே வராது. கிடாரும் கீபோர்டும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருக்கும், அவசரமே இல்லாமல். 90களில் ஒரு கேசட் பக்கத்தில் நிமிடக் கணக்கு பார்த்துப் பாட்டு அடைக்கிற காலத்தில், பாடகர் வாயைத் திறக்காமல் இவ்வளவு நேரம் செலவு செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். கமலின் சோலோவும் (தனி வாசிப்பு) அப்படியே, வேகம் காட்ட இடம் இருந்தும் காட்டாமல், பாடினால் எப்படி இழுப்பார்களோ அப்படி ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து விடுகிறார்.

மெட்டல் பேண்டுக்கு மெதுவான பாட்டு ஹிட்டானால் அது தோல்வி இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கறுப்பு டீ-ஷர்ட் போட்டவர்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டேன். எல்லா ஊர் மெட்டல் பேண்டுக்கும் இப்படி ஒரு மெதுவான பாட்டு உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வார்ஃபேஸ் விஷயத்தில் அது வியாபாரச் சமரசம் என்று எனக்குப் படவில்லை. வங்காளி மொழியின் வாகு அப்படி. நிறையச் சொற்கள் உயிரெழுத்தில் முடிந்து முடிந்து இழுபடும், கூட்டெழுத்தெல்லாம் வாய்க்குள் உருண்டு மென்மையாகிவிடும். ஆங்கிலத்தில் "டக்" என்று வெட்டி நிறுத்துகிற இடத்தில் வங்காளியில் "ஓ" என்று ஒரு வால் நீளும். அந்த மொழியில் உறும ஆரம்பித்தாலும் மெலடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதை எதிர்த்துச் சண்டை போடாமல் விட்டதுதான் இவர்கள் செய்த புத்திசாலித்தனம், என் கணக்கில்.

"ஜீபொன்தாரா" எப்படி?

மூன்றாவது. தலைப்புக்கு வாழ்க்கையின் ஓட்டம் என்று அர்த்தம். நல்ல ஆல்பம்தான், ஆனால் முன்னால் "ஒபாக் பாலோபாஷா", பின்னால் "ஒஷாமாஜிக்", நடுவில் மாட்டிக்கொண்ட நடுப்பிள்ளை. முழு வரிசையும் கேட்கிறவர்கள் தாண்டிப் போகாதீர்கள், அவசரக்காரர்கள் தாண்டலாம்.

"ஒஷாமாஜிக்"தான் கனமான ஆல்பம் என்கிறார்களே?

1998. ஆமாம், இங்கே பேண்ட் தோள் தட்டி நிற்கிறது. இக்பால் ஆசிஃப் ஜுவெல் கிடாருக்கு வந்துவிட்டார், கமலோடு சேர்ந்து இரண்டு கிடாரும் மோதும்போது முதல் ஆல்பத்தின் மெலிவு எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தக் காலகட்டத்தில் பேண்டில் பேஸ் வாசித்தவர்களில் ஒருவர் சுமன், பிற்பாடு ஒர்த்தோஹீன் பேண்ட் தொடங்கி "பேஸ்பாபா" என்று பெயர் வாங்கியவர். யோசித்துப் பாருங்கள், ஒரு பேண்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லாம் இன்னொரு பேண்டுக்கு முகமாகிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு சரக்கு இருந்திருக்க வேண்டும்.

தலைப்புக்கு அர்த்தம், சமூகத்தோடு ஒட்டாதவன். நான் சொன்ன அந்தப் பையன்தான், மழைக்குப் பின் வெயிலில் உட்கார்ந்திருந்தவன். ஏழு வருடத்தில் ஊரே அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. முதலில் தனிமை அவனாகத் தேடிப் போனது, இப்போது அது குற்றச்சாட்டு. சஞ்சய்யின் குரலிலும் அந்தக் கோபம் உண்டு. அவரையும் பாப்னாவையும் இதற்குப் பிறகு ஆல்பங்களில் எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இருவரும் விலகிவிட்டார்கள்.

இரண்டு குரலும் போன பிறகு பேண்ட் எப்படிப் பிழைத்தது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நிறைய பேர் ஆல்பங்களை "கனம் கூடியது, கனம் குறைந்தது" என்று பிரிக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோல் உதவவில்லை. வார்ஃபேஸைப் பாடகரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சஞ்சய்-பாப்னா காலம், மிசான்-பலாம் காலம், திரும்பி வந்த மிசான் காலம். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்டப் புதுப் பேண்ட்.

2000ல் "ஆலோ", அதாவது ஒளி. பெயர்தான் ஒளி, உள்ளே "பேவாரிஷ்", "ஹொதாஷா" என்று பாட்டுகள். பேவாரிஷ் என்ற சொல்லில் இருப்பது நம் "வாரிசு"தான், முன்னால் "இல்லாத" என்று ஒரு ஒட்டு. கேட்க ஆள் இல்லாதவன், உரிமை கோர யாரும் வராத பிணத்துக்கும் அங்கே இதே சொல்தான். ஹொதாஷா என்பது ஆசை அற்றுப்போனது. ஆக நம் ஆள் போகிற திசை நல்லதாக இல்லை. மிசானுடைய குரல் கரகரப்பு, கீழிருந்து எழும்பி வரும். சஞ்சய் மாதிரி உச்சத்தில் ஏறி நிற்க அவர் முயற்சி செய்யாததுதான் அந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது. பழைய பாடகரைப் போலவே ஒருவரைத் தேடிப் பிடித்த பேண்டுகள் என்ன ஆகின என்று நமக்குத் தெரியும்.

பலாம் என்பவர் பாப் பாடகர் இல்லையா? அவரா இதில்?

அவரேதான். "ஆலோ"வில் கிடாரோடு வந்தார், 2003ல் "மஹாராஜ்" வந்தபோது முன்னணிக் குரல் அவருடையது. பிறகு தனியாகப் போய், சாதுவான காதல் பாட்டுகளால் நாடு முழுக்கப் பிரபலமானார். அதனால் "மஹாராஜ்" தலைப்புப் பாட்டை முதல்முறை கேட்கிற இன்றைய பையன்களுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, இந்தக் குரலா இப்படி என்று. வழவழப்பான குரல், முரட்டு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), இரண்டும் ஒட்டுமா ஒட்டாதா என்று விவாதிக்கலாம். எனக்கு ஆல்பத்தில் பாதி ஒட்டுகிறது, மீதிப் பாதியில் குரல் மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது.

2003க்கு அப்புறம் ஏன் அவ்வளவு பெரிய இடைவெளி?

கேசட் செத்தது, எம்பி3 வந்தது, திருட்டு சிடி பெருகியது, ஆல்பம் போட்டுக் காசு பார்ப்பது கஷ்டமானது. இது அந்த ஊர்க் கதை மட்டும் இல்லை. கூடவே வழக்கமான ஆள் மாற்றம்.

"போத்சலா" புது ஆல்பமா, பழசா?

2009. பெரும்பாலும் பழைய பாட்டுகளை மறுபடியும் பதிந்தது. போத்சலா என்றால் வழிநடை. மிசான் திரும்பி வந்துவிட்டார், ஓனி ஹசான் என்ற இளம் கிடார்காரர் சேர்ந்திருந்தார். வேகமும் துல்லியமுமான விரல்கள், கமலுடைய இழுப்புக்கு நேர் எதிர்.

மறுபதிவு என்றாலே எனக்கு ஒவ்வாது. ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1991 கேசட்டில் மெலிந்து கிடந்த கிடாருக்கு இங்கேதான் சோறு போட்டிருக்கிறார்கள். இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். பழையதில் பையன் சின்னவன், கொஞ்சம் நடுக்கம் இருக்கும். புதியதில் அதே வரியை ஆளானவன் சொல்கிறான். எது உசத்தி என்று கேட்டால் நான் நடுக்கத்தின் பக்கம்.

"பூர்ணோதா" எந்த ஆல்பம்? யூடியூபில் அதுதான் முதலில் வருகிறது.

"ஷோத்தோ", 2012. ஷோத்தோ என்பது சத்தியம், பூர்ணோதா என்பது பூரணம், எழுத்தைப் பார்த்தால் புரிந்துவிடும், உச்சரிப்புதான் மாறுவேடம். "ஒபாக் பாலோபாஷா"வுக்குப் பிறகு நாடே சேர்ந்து பாடுகிற பாட்டு இவர்களிடமிருந்து மறுபடி வந்தது இதில்தான்.

இங்கேதான் அந்தப் பையன் எங்கே வந்து சேர்ந்தான் என்று தெரிகிறது. ஒரு விடியற்காலை, நெஞ்சுக்குள் உறைந்து கிடந்த நீலத் துயரங்கள் அவனைக் கூப்பிடுகின்றன. எங்கே இருக்கிறான்? செங்கல் மலைகள் நிற்கிற நகரத்தில், கைகொடுக்க யாரும் இல்லாமல். 1991ல் அவனுக்கு மழை கழுவிய வானம் இருந்தது, 1994ல் ஒரு முழுக் கடலே பக்கத்தில் இருந்தது. 2012ல் செங்கல். அந்த இருபது வருடத்தில் டாக்கா எப்படி வீங்கியது என்று யாராவது புள்ளிவிவரம் கொடுப்பார்கள், எனக்கு இந்த மூன்று பாட்டு போதும். பாடகர்கள் வேறு வேறு, யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரே ஆள் மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

இசையிலும் அந்த இறுக்கம் தெரியும். "ஒபாக் பாலோபாஷா" பரந்து விரிந்து நேரம் எடுத்துக்கொள்ளும். "பூர்ணோதா" சுற்றி வளைக்காது, கூடவே பாடச் சொல்லி இழுக்கும், மைதானத்தில் ஆயிரம் பேர் கை தூக்கிப் பாடத் தோதான பாட்டு. தனிமையைப் பற்றிய பாட்டை ஆயிரம் பேர் கூடிப் பாடுவது வேடிக்கைதான்.

இத்தனை மாற்றத்தில் மாறாதது யார்?

டிப்பு. 80களின் நடுவில் வந்து உட்கார்ந்தவர், எல்லா ஆல்பத்திலும் ட்ரம்ஸ் அவர்தான், பேண்டை நடத்துவதும் அவர்தான். பாடகர் மாறும்போது ஜனங்கள் கவனிப்பார்கள், ட்ரம்ஸ் மாறாததை யாரும் கவனிப்பதில்லை.

மிசானுக்குப் பிறகு?

பலாஷ் நூர் பாடுகிறார். மேடையில் மூன்று காலத்துப் பாட்டையும் ஒரே தொண்டையில் பாட வேண்டிய வேலை அவருக்கு. சஞ்சய்யின் உச்சம், பாப்னாவின் முணுமுணுப்பு, மிசானின் கரகரப்பு, மூன்றும். 2024ல், பேண்டுக்கு நாற்பது வயதான அதே வருடம், கோக் ஸ்டூடியோ பாங்ளா இசைத் தொடரில் "ஒபாக் பாலோபாஷா"வைப் புதிதாகச் செய்தார்கள். பாப்னாவே வந்து பாடினார், கூடவே பலாஷ். முப்பது வருடம் கழித்து அதே வரியை அதே ஆள் பாடும்போது குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, தப்பில்லை, கடலும் அதே கடல்தான்.

ஆர்ட்செல், கிரிப்டிக் ஃபேட் மாதிரி பின்னால் வந்த பேண்டுகள் எல்லாம் இவர்கள் வாரிசுகளா?

நேர் வாரிசு என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் கதவைத் திறந்து வைத்தது இவர்கள். வங்காளியில் நீளமான, கனமான பாட்டு எழுதினாலும் ஆள் உட்கார்ந்து கேட்பான் என்று 1994லேயே தெரிந்துவிட்டது. 2006ல் ஆர்ட்செல் "ஒனிகேத் பிராந்தொர்" என்று பதினாறு நிமிடப் பாட்டு போட்டபோது யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

வங்காளி தெரியாமல் கேட்கலாமா?

தாராளமாக. பாதிச் சொல் சமஸ்கிருதம் வழியாக நமக்கும் பழக்கமானதுதான், "வ" வரும் இடத்தில் "ப" போடுங்கள், "அ"வை "ஒ"வாக்குங்கள், ஓரளவு பிடிபடும்.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம். எது?

"ஒபாக் பாலோபாஷா", 1994 பதிப்பு, ராத்திரி, ஹெட்ஃபோனில். ரொம்ப நேரம் யாரும் பாட மாட்டார்கள், வெறும் வாத்தியம்தான் போலிருக்கிறது என்று அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். பாப்னா வருவார்.